ரயிலில் அடுப்பு இருக்கட்டும்: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கும், வாரிய உறுப்பினர்களுக்கும், ரயில்களில் உணவுச் சேவையை நடத்தும் ஐஆர்சிடிசி நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐசிஎஃப்), பெட்டியின் எஃகுக் கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவில் 1980-களின் தொடக்கத்தில் வெல்டராகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இன்று படிப்படியாகத் தண்டவாளத்திலிருந்து இறக்கப்படும் ஐசிஎஃப் பெட்டிகளில் சிலவற்றின் அடிச்சட்டத்தில் என் கைப்பட்ட வெல்டிங் இருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன். பழைய பெட்டிகளைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அவை போகத்தான் வேண்டும். அவற்றோடு சேர்த்து, ஓடும் ரயிலில் சோறு வேகும் அடுப்பையும் இறக்கிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெட்டிகள் ஏன் போக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றைச் செய்தவன் வாயால் அது வருவது நல்லது. 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்த எங்கள் ஆலைக்கு வடிவமும் பயிற்சியும் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரை அடுத்த ஷ்லீரனில் இருந்த நிறுவனத்திடமிருந்து வந்தன. தரை, பக்கச்சுவர், கூரை, முனைச்சுவர் எல்லாம் ஒரே எஃகுக் கூடாகச் சேர்ந்து சுமையைத் தாங்கும் அந்த வடிவம், மரப் பெட்டிகள் விபத்தில் சிதறிக்கொண்டிருந்த காலத்தில் பெரிய முன்னேற்றம். முதலில் செங்காவி நிறத்திலும் பிறகு நீல நிறத்திலும் அவை நாடெங்கும் ஓடின. ஆனால் அந்த எஃகு துருப்பிடிக்கும். எங்கே தொடங்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்: கழிவறைக்கு அடியில் தொடங்கும். கழுவும் நீர் இறங்கி, தரைக்குக் கீழே வரிவரியாக மடித்துப் போட்டிருக்கும் டிரஃப் தகட்டை அரித்து, அங்கிருந்து சோல் பார் என்று நாங்கள் சொல்லும் பக்கத் தண்டின் முனைக்குப் பரவும். மேலே புதுப் பூச்சும் புதுத் திரைச்சீலையும் இருக்கும். பணிமனையில் தரை விரிப்பைப் பெயர்த்த பிறகே உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்பது தெரியவரும். அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டலாம். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த அரிப்பு தொடங்கும். இந்தப் பெட்டிகளுக்கு 25 ஆண்டுகள் என்று ஆயுள் வரையறுத்தது இதனால்தான்.

மோதலில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். கான்பூருக்கு அருகே புக்ராயனில் 2016 நவம்பர் 20 அன்று இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம்புரண்டபோது, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நசுங்கிக் கிடந்தவை ஐசிஎஃப் பெட்டிகள். ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். அந்தப் படங்களைச் செய்தித்தாளில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. 2024 அக்டோபர் 11 இரவு, எங்கள் ஆலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத கவரைப்பேட்டையில், பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டு கவிழ்ந்தன, தீயும் பற்றியது. காயமடைந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை. அவை ஐசிஎஃப் பெட்டிகளுக்குப் பதிலாக வந்துகொண்டிருக்கும் எல்எச்பி என்ற புதிய வகைப் பெட்டிகள். துருப்பிடிக்காத எஃகு உடல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பிடித்துக்கொள்ளும் நடு இணைப்பு, வட்டுத் தடை (டிஸ்க் பிரேக்) என்று அவற்றில் இருப்பவை உயிர் காக்கும் ஏற்பாடுகள். இரண்டு விபத்துகளும் ஒரே வகையானவை அல்ல என்பதையும், 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் கொரமண்டல் எக்ஸ்பிரஸில் இருந்தவையும் எல்எச்பி பெட்டிகள்தாம் என்பதையும், அந்த விபத்தில் 290-க்கும் மேற்பட்டோரை இழந்தோம் என்பதையும் நான் மறக்கவில்லை. எந்தப் பெட்டியும் எல்லா மோதலையும் தாங்காது. ஆயினும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு எதில் கூடுதல் என்று கேட்டால், நான் செய்த பெட்டியை நான் காட்ட மாட்டேன்.

ஆகவே 2018 ஜனவரியில் பெரம்பூரிலிருந்து பழைய வடிவத்தின் கடைசிப் பெட்டி வெளியேறியபோது வருந்தினேன் என்றாலும், அந்த முடிவு சரி என்றே நினைத்தேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முக்கியமான ரயில்களுக்கு எல்எச்பி பெட்டிகள் வந்ததும், அங்கிருந்து கழற்றப்படும் பழைய பெட்டிகள் கிளைப் பாதைகளின் பயணிகள் ரயில்களுக்கும், விழாக்காலச் சிறப்பு ரயில்களுக்கும் அனுப்பப்படுவது நெடுங்கால வழக்கம். குறைந்த கட்டணம் கொடுப்பவர் ஏறும் பெட்டிக்கும் ஆயுள் வரம்பு அதேதான். வரம்பை எட்டிய பெட்டியைக் கழித்துவிடுங்கள்; கார் ஏற்றும் வண்டியாக மாற்றுங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள்.

இனி அடுப்புக்கு வருகிறேன்.

பேன்ட்ரி என்று சொல்லும் பழைய சமையலறைப் பெட்டியைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் இல்லை. எரிவாயு உருளைகளை அடுக்கிவைத்து, ஆடும் பெட்டியில், திறந்த சுடரில், எண்ணெய்ச் சட்டியை ஏற்றிச் சமைப்பது எவ்வளவு அபாயம் என்பதை அந்தக் கூட்டைச் செய்தவர்கள் அறிவோம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தனியார் சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அது பேன்ட்ரி பெட்டி அன்று. ஆனால் ரயில் பெட்டிக்குள் எரிவாயு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எரிவாயு போகட்டும், ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். புதிய பேன்ட்ரி பெட்டிகளுக்குச் சுடரில்லாத மின் அடுப்பு என்று நீங்கள் எடுத்த முடிவை முழு மனதோடு வரவேற்கிறேன்.

என் கவலை, மின் அடுப்பு வருவதற்கு முன்பே சமையல் என்ற எண்ணமே ரயிலை விட்டு வெளியேறிக்கொண்டிருப்பது பற்றியது. 2017-ஆம் ஆண்டின் உணவுக் கொள்கை சமைப்பதையும் பரிமாறுவதையும் பிரித்து, சமையலைத் தரையிலுள்ள அடிப்படைச் சமையற்கூடங்களுக்கு மாற்றியது. அதற்குக் காரணம் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ரயில்களில் மனிதர் உண்ணத் தகாத உணவு வழங்கப்படுவதாகவே சொல்லியிருந்தது. சமையற்கூடங்களில் கேமரா வைத்துக் கண்காணிப்பதும், பொட்டலத்தின் மேல் எங்கே எப்போது கட்டியது என்று அறியும் குறியீட்டை அச்சிடுவதும் நல்ல சீர்திருத்தங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச் முதல் சமைத்த உணவே நிறுத்தப்பட்டு, 2022 பிப்ரவரியில்தான் அது முழுமையாகத் திரும்பியது. அந்த இரண்டு ஆண்டுகள் எல்லோரையும் ஒரு பழக்கத்துக்கு உட்படுத்திவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது: ரயிலில் அடுப்பில்லாமலும் காலம் தள்ளலாம் என்ற பழக்கம். காலம் தள்ளியவர்கள் யார், பசியோடு இருந்தவர்கள் யார் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியோடு வடக்கே சென்று திரும்பினேன். அவருக்குச் சர்க்கரை நோய். வேளாவேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். எங்கள் ரயிலில் பேன்ட்ரி இல்லை. இரவு எட்டரை மணிக்கு வர வேண்டிய நிலையத்துக்குச் சாப்பாடு கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து பணமும் கட்டினேன். ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். நாங்கள் அந்த நிலையத்தை அடைந்தபோது மணி ஒன்றரை. உணவு கொண்டுவர வேண்டிய கடை மூடிக் கிடந்தது. பணம் பிறகு திரும்பி வந்துவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது மணிக்கு என் மனைவிக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது, எதிர் இருக்கையில் இருந்த ஒரு குடும்பம் தங்கள் பிள்ளைக்காக வைத்திருந்த இரண்டு சப்பாத்தியை எடுத்துக் கொடுத்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறிச் செல்லும் ஒரு வண்டியில் ஒரு நோயாளிக்குச் சூடாக ஒரு கைப்பிடி சோறு கிடைக்க வழியில்லை. அந்தப் பிள்ளை அன்றிரவு என்ன சாப்பிட்டது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

நிலையத்தில் உணவைக் கொண்டுவந்து தரும் ஏற்பாட்டை நான் மறுக்கவில்லை. நேரத்துக்கு ஓடும் ரயிலில், கைப்பேசியும் முன்பதிவும் உள்ளவருக்கு அது வசதிதான். விரும்பிய கடையின் உணவு இருக்கைக்கே வருகிறது. ஆனால் அது முன்பதிவுச் சீட்டில் வரும் பிஎன்ஆர் எண்ணின் மேல் நிற்கும் ஏற்பாடு. முன்பதிவில்லாப் பெட்டியில் நிற்பவருக்குப் பிஎன்ஆர் ஏது? தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி வரும் இளைஞர்களைப் பாருங்கள். இரண்டு நாள் பயணத்துக்குப் பொரியும் சத்து மாவும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பல ரயில்களில் அந்தப் பெட்டிக்கு உள்வழியாக நடந்து வர இணைப்பு இருப்பதில்லை. தேநீர் விற்பவர்கூட நிலையத்தில் இறங்கி ஓடி வந்தால்தான் உண்டு. இறங்கினால் நிற்கும் இடமும் போய்விடும் என்பதால் அவர்கள் நடைமேடைக்கும் இறங்குவதில்லை. பொதுப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே 2023-இல் நீங்கள் தொடங்கிய 20 ரூபாய் உணவு மேசைகள் இந்த நிலைமையைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு. அதே உணவு ரயிலுக்குள்ளேயே சமைக்கப்பட்டு, வண்டி நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் சன்னல் வழியாக அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாட்களுக்கு மேல் ஓடும் ரயில் இருக்கிற நாடு இது. அவ்வளவு நேரம் மனிதர்களை ஏற்றிச் செல்வோர் அவர்களுக்குச் சோறு போடுவதை ஒரு துணை வணிகமாக எண்ணக் கூடாது.

இடமில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். அந்தக் கணக்கை ஆலைக்காரன் முறையில் போட்டுப் பார்க்கிறேன். எல்எச்பி பெட்டியின் உடல் ஏறக்குறைய 23.5 மீட்டர், பழையது 21.3 மீட்டர். அதனால் 24 பழைய பெட்டிகள் நின்ற நடைமேடையில் 22 புதிய பெட்டிகளே நிற்கும். படுக்கை வகுப்புப் பெட்டியில் 72 இருந்த இடத்தில் 80 படுக்கைகள் வந்தன என்பது உண்மை. ஆனால் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம் தர, ரயிலின் இரு முனைகளிலும் டீசல் மின்னாக்கி (ஜெனரேட்டர்) பெட்டிகளை இணைக்க வேண்டியிருந்தது. இரண்டு மின்னாக்கி, ஒரு பேன்ட்ரி என்று மூன்று பெட்டிகளில் பயணிகள் ஏற முடியாது. அப்போது ஒன்றைக் கழிக்கலாம் என்ற எண்ணம் எழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்னாக்கி இல்லாமல் ரயில் ஓடாது, சமையலறை இல்லாமல் ஓடும்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. மேல்நிலை மின்கம்பியிலிருந்து என்ஜின் வழியாகவே பெட்டிகளுக்கு மின்சாரம் எடுக்கும் முறை பரவலாகிவிட்டது. டபிள்யூஏபி-7 என்ற வகை மின்சார என்ஜின் ஒன்றில் இதற்கென 500 கேவிஏ திறனுள்ள மின்மாற்றிக் கருவிகள் (கன்வெர்ட்டர்) இரண்டு இருக்கின்றன. அதனால் இரு முனை மின்னாக்கிப் பெட்டிகளில் ஒன்றைக் கழற்றிவிட முடிகிறது. டீசல் செலவும் மிச்சம், நடைமேடையில் நிற்போரின் காதைக் கிழித்த இரைச்சலும் இல்லை. அந்த ஒரு பெட்டியின் இடமும், எரிவாயு இல்லாமல் சமைக்கத் தேவையான மின்சாரமும் ஒரே நேரத்தில் நம் கைக்கு வந்திருக்கின்றன. சமையலறையைக் கழிப்பதற்கு இருந்த காரணம் நீங்கிவிட்ட வேளையில் சமையலறையைக் கழிப்பது எவ்வகையிலும் பொருந்தவில்லை. ஒரு நாளுக்கு மேல் ஓடும் எந்த ரயிலும் எல்எச்பி பெட்டிகளுக்கு மாறும்போது, அதன் பேன்ட்ரி பெட்டி மின் அடுப்போடு உடன் மாற வேண்டும் என்று விதியே செய்யுங்கள். அந்த இடத்தில் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை இணைத்தால் வருமானம் கூடும் என்பது எனக்குத் தெரியும். அந்த வருமானத்தை நாடு விட்டுக்கொடுக்கலாம்.

தரைச் சமையற்கூடத்தில் கட்டிய பொட்டலத்தை ரயிலில் ஏற்றிச் சூடாக்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ரயில் சரியான நேரத்தில் ஓடும் நாளில் ஓரளவுக்குப் போதும். தாமதமான நாளில் பொட்டலச் சோறு கெடும். குழம்பு முதலில் புளிக்கும், பிறகே நாற்றம் எடுக்கும். அடுப்பு உள்ள ரயிலில் தேவைப்படும்போது அரிசியை ஏற்றினால் போதும். ரயில் நின்றுபோகும் நாளைப் பற்றியும் எண்ண வேண்டும். 2023 டிசம்பர் 17 இரவு, தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வெள்ளம். சுமார் 800 பயணிகளில் ஒரு பகுதியினர் வெளியேற்றப்பட்டனர். சுமார் 500 பேர் இரண்டு நாட்கள் அங்கேயே சிக்கியிருந்தார்கள். ஹெலிகாப்டரில் உணவு வந்து சேரும் வரை அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்மக்கள். தங்கள் வீடுகளுக்கும் வெள்ளம் வந்திருந்த நிலையில், கையிலிருந்த அரிசியையும் பருப்பையும் திரட்டிச் சமைத்தார்கள். ஓர் இரவுப் பயணம் என்பதால் அந்த ரயிலில் பேன்ட்ரி இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் நடுக்காட்டில், பக்கத்தில் ஊரே இல்லாத இடத்தில், 1,500 பேரோடு ஒரு நீண்டதூர ரயில் நின்றால் அங்கே புதுக்குடி இருக்காது. அடுப்பும் ஒரு மூட்டை அரிசியும் இருக்கலாம். பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் தீயணைப்பானுக்கு அடுத்து அதை எழுதினால் தவறில்லை.

பேன்ட்ரியில் வேலை செய்கிறவர்களைப் பற்றி இந்த விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு வரும் பிள்ளைகள் அதிகாலை நான்கு மணிக்குத் தேநீர்க் கேனைத் தூக்கத் தொடங்கி, இரவு கடைசித் தட்டை எடுத்த பிறகு, கழுவிய ஈரத் தரையில் அட்டையை விரித்துப் படுக்கிறார்கள். ஒரு தண்ணீர் போத்தலுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார் என்று புகார் வரும்போது தண்டனை அந்தப் பிள்ளைக்கு வருகிறது. விற்ற எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று அவரை அனுப்பியவருக்கு வருவதில்லை. பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்று 2018-இல் நீங்கள் சொன்னது பயணிக்கு நல்ல பாதுகாப்பு. அதனோடு சேர்த்து, புதிய பேன்ட்ரி பெட்டியின் வரைபடத்தில் ஊழியர்கள் படுக்க மடக்குப் படுக்கைகளும், அவர்கள் குளிக்க ஓர் அறையும் இடம்பெற வேண்டும். ஷெல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரைபடத்தில் இல்லாததைப் பிறகு யாரும் பொருத்துவதில்லை.

என்ன சமைப்பது என்பதில் நான் அதிகம் கேட்கவில்லை. சோறு, பருப்பு, ஒரு காய், முட்டை. கைக்குழந்தைக்கு வெந்நீரும் பாலும். நோயாளிக்கு உப்பில்லாக் கஞ்சி. ரயிலில் 80 ரூபாய்க்குத் தரும் சைவச் சாப்பாட்டில் இத்தனை தின்பண்டம், இத்தனை இனிப்பு என்று கூட்டிக்கொண்டே போவதைவிட, இவை எப்போதும் சூடாகக் கிடைக்கும் என்ற உறுதி மேலானது. நிலையங்களில் அந்தந்த ஊர்ப் பொருள்களை விற்கும் திட்டத்தின்படி கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் மணப்பாறை முறுக்கையும் நடைமேடையில் வைக்கிறீர்கள், மகிழ்ச்சி. அவை பயணத்தின் சுவை. நான் பேசிக்கொண்டிருப்பது பசியைப் பற்றி.

கழிக்கப்பட்ட பழைய பெட்டிகளைப் பல நிலையங்களின் வாசலில் நிறுத்தி உணவகங்களாக மாற்றியிருக்கிறீர்கள். குடும்பங்கள் அங்கே வந்து அமர்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் வெல்டிங் செய்த கூரைக்குக் கீழே பிள்ளைகள் சிரிப்பது எனக்கு நிறைவாகவே இருக்கிறது. நகராத பெட்டியில் கிடைக்கும் அந்தச் சூடான சோறு நகரும் பெட்டியிலும் கிடைக்க வேண்டும்.

செலவும் டெண்டரும் உங்கள் கையில் இருப்பவை. அவற்றுக்குக் காலம் பிடிக்கும். ஆனால் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்து வெளியிடும் கால அட்டவணையில், ஒவ்வொரு நீண்டதூர ரயிலின் எண்ணுக்கு எதிரேயும், அந்த ரயிலில் உணவு சமைக்கப்படுகிறதா, ஏற்றிய பொட்டலம் சூடாக்கித் தரப்படுகிறதா, அல்லது எதுவும் இல்லையா என்பதைத் தனித்தனிக் குறியிட்டு அச்சிடுங்கள். பயணச்சீட்டிலும் அதே குறி இருக்கட்டும். எதுவும் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அன்று நான் என் மனைவிக்கு வீட்டிலிருந்தே இரண்டு வேளைக்குக் கட்டிக்கொண்டு ஏறியிருப்பேன்.

இப்படிக்கு,
பெரம்பூர் ஷெல் பிரிவின் ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர்